வானில் சென்ற ரிஹ்லா: ‘ஃப்ளைட் 666’ ஆவணப்படம் குறித்து

அரபு உரைநடை இலக்கிய வகைகளுள் ‘ரிஹ்லா’ எனப்படும் பயண இலக்கியத்திற்குத் தனித்ததோர் இடம் உண்டு. எத்தனை ஊர் கண்டான், எத்தனை காதம் நடந்தான் என்று கணக்குச் சொல்வதோடு ரிஹ்லாவின் பணி முடிந்துவிடுவதில்லை. புறப்பட்ட மனிதனுக்கும் திரும்பி வந்த மனிதனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்வதே அதன் உயிர்நாடி. சென்ற இடம் சென்றவனுக்குள் புகுந்ததா? புகுந்ததென்றால் எவ்வழியே புகுந்தது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்லும் நூலையே நம் முன்னோர் நல்ல ரிஹ்லா எனப் போற்றினர்.

இதற்குச் சான்றாக இப்னு ஜுபைரின் நூலைக் காட்டலாம். ஆளுநரின் செயலாளராகப் பணியாற்றிய அவர் 1183ஆம் ஆண்டு கிரனாடாவிலிருந்து புறப்பட்டு, ஹஜ்ஜை நிறைவேற்றி, 1185இல் ஊர் திரும்பினார். ஆளுநரின் வற்புறுத்தலால் ஏழு கிண்ணம் மது அருந்த நேர்ந்ததாகவும், அதற்கு ஈடாகக் கிடைத்த ஏழு கிண்ணப் பொற்காசுகளைக் கொண்டு பரிகாரமாக இப்பயணத்தை மேற்கொண்டதாகவும் மரபுவழிச் செய்தி ஒன்று உண்டு. அவர் 1184இல் ஸூர் துறைமுகத்திற்கு வந்து சேர்ந்தபோது அது சிலுவைப் போராளிகளின் ஆளுகையில் இருந்தது. அங்கே கிறித்தவ மணமகள் ஒருத்தியின் திருமண ஊர்வலத்தை அவர் காண நேர்கிறது. அவள் உடையையும் நடையையும் இசைக் கருவிகளின் முழக்கத்தையும் நின்று பார்க்கிறார். அக்காட்சியின் அழகை ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில் அதன் மயக்கத்திலிருந்து இறைவனிடம் பாதுகாவலும் தேடுகிறார். பகைவரின் ஊரில், பகைவரின் கொண்டாட்டத்தைக் கண்டு, தன் உள்ளம் இரண்டுபட்டதை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையே அவர் நூலை எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் வாழவைத்திருக்கிறது.

இவ்வளவுகோலைக் கையில் ஏந்திக்கொண்டு, ஹெவி மெட்டல் இசைக்குழு ஒன்றின் பயண ஆவணப்படத்தை நாம் அளக்க முற்படுவது வாசகர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். வளைகுடாவில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது, இரட்டைக் குறுந்தகடுகள் அடங்கிய பெட்டி ஒன்றை நம்மிடம் தந்தார். “ஹஜ்ரத், அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்த உடனேயே வீட்டில் எல்லாரும் இதை ஒதுக்கிவிட்டார்கள். நீங்களாவது முழுதும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். இசை பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் நீண்டது. அதற்குரிய நூல்களும் அதற்குரிய அறிஞர்களும் உள்ளனர். அவர் நம்மிடம் வேண்டியது ஃபத்வா அன்று, திறனாய்வு. பார்க்காமல் கூறப்படும் தீர்ப்பு, அது சரியான தீர்ப்பாகவே அமைந்துவிட்டாலும், அறிவின் பாற்பட்டதாகாது. ஆகவே முழுதும் பார்த்தோம். ஒன்றுக்கு இருமுறை பார்த்தோம்.

படமும் பயணமும்

அயர்ன் மெய்டன் என்பது கிழக்கு லண்டனில் 1975ஆம் ஆண்டு ஸ்டீவ் ஹாரிஸ் என்ற இளைஞர் தொடங்கிய இசைக்குழு. மின்கிட்டார்களின் உரத்த முழக்கமும் விரைந்த தாளமும் கொண்டு, போர், புராணம், இறப்பு ஆகியவற்றைப் பாடுபொருளாகக் கொள்ளும் ஹெவி மெட்டல் வகை இசையில் உலகெங்கும் பெயர் பெற்ற குழுக்களுள் இதுவும் ஒன்று. குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் முறையாகப் பயிற்சி பெற்ற விமானியுமாவார். 2011இல் மூடப்பட்ட அஸ்ட்ரேயஸ் என்னும் பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர்.

2008ஆம் ஆண்டில் இக்குழுவினர் புதியதோர் ஏற்பாட்டைச் செய்தனர். அந்நிறுவனத்தின் போயிங் 757 விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, பின்பகுதி இருக்கைகளை அகற்றிச் சரக்கறையாக மாற்றினர். இசைக்கலைஞர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள், சுமார் 12 டன் எடையுள்ள கருவிகள் ஆகிய மூன்றும் ஒரே விமானத்தில் ஏறின. ஓட்டியவர்களுள் ஒருவர் பாடகரே. பிப்ரவரி முதல் நாள் மும்பையில் தொடங்கி, ஆஸ்திரேலியா, ஜப்பான், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா எனச் சுற்றி, மார்ச் நடுப்பகுதியில் கனடாவின் டொரான்டோவில் அக்கட்டம் நிறைவுற்றது. 45 நாட்கள், 23 நிகழ்ச்சிகள், ஏறத்தாழ 50,000 மைல்கள். கருவிகளைக் கப்பலிலும் கலைஞர்களை வேறு விமானங்களிலும் அனுப்பும் பழைய முறையில் இத்தகைய வழித்தடம் செலவுக்குக் கட்டுப்படியாகியிராது. மும்பையும் போகோதாவும் சான் ஹோசேயும் ஒரே பயணத்தில் இடம்பெற்றதற்கு அவ்விமானமே காரணம்.

இப்பயணத்தை உடன்சென்று படமாக்கியவர்கள் கனடா நாட்டின் சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன் என்னும் இருவர். ‘ஃப்ளைட் 666’ என்ற பெயரில் 2009 ஏப்ரலில் திரையரங்குகளில் காட்டப்பட்டு, அடுத்த சில வாரங்களிலேயே டிவிடியாகவும் புளூ-ரேயாகவும் வெளிவந்தது. முதல் தகட்டில் ஆவணப்படம். இரண்டாம் தகட்டில் இசைநிகழ்ச்சி. 2010ஆம் ஆண்டு கனடாவின் ஜூனோ விருதும் இதற்குக் கிட்டியது.

படத்தின் நிறைகளை முதலில் சொல்லுவதே முறை. உழைப்பை இப்படம் மதிக்கிறது. மேடையில் ஒளிரும் இரண்டு மணி நேரத்திற்குப் பின்னால், பெட்டிகளை இறக்கி, விளக்குகளைக் கட்டி, மறுபடியும் பெட்டிகளை ஏற்றும் கைகள் எத்தனை என்பதை அது பொறுமையாகக் காட்டுகிறது. ஐம்பதைக் கடந்த கலைஞர்கள் உடல் களைப்பை மறைக்கவில்லை. விமானி இருக்கையில் அமர்ந்து தம் பணியை விளக்கும் டிக்கின்சனின் பேச்சில் பாடகரின் பகட்டு இல்லை; தொழில் தெரிந்தவரின் அடக்கமே உள்ளது. போதை, கேளிக்கை, ஒழுங்கின்மை என்று இவ்வகை இசைக்குழுக்களைப் பற்றி நாம் கேட்டுப் பழகிய சித்திரம் இங்கில்லை. ஓய்வு நாளில் இவர்கள் கோல்ஃபும் டென்னிஸும் ஆடுகிறார்கள். சலிப்பூட்டும் அளவுக்கு ஒழுங்கானவர்கள்.

எண் பற்றிய அச்சம்

நம் மாணவரின் வீட்டார் அஞ்சிய எண்ணைப் பற்றிச் சில சொற்கள். 666 என்பது விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாட்டின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் கொடிய விலங்கு ஒன்றின் எண்ணாகக் கூறப்படுகிறது. இவ்வெண்ணைத் தலைப்பில் தாங்கிய பாடல் தொகுப்பு ஒன்றை இக்குழு 1982இல் வெளியிட்டது. தாம் கண்ட கொடுங்கனவே அப்பாடலுக்கு வித்து என்று ஹாரிஸ் கூறியுள்ளார். அமெரிக்காவில் சில கிறித்தவ அமைப்பினர் இவர்களின் இசைத்தட்டுகளைக் குவித்து எரித்தனர். 1992இல் சிலி நாட்டில் நடக்கவிருந்த நிகழ்ச்சி, கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், அதே சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் மக்கள் வெள்ளம் இவர்களை வரவேற்றது.

எழுத்துகளுக்கு எண் மதிப்பிட்டுப் பெயர்களை எண்ணாக மாற்றும் அப்ஜத் கணக்கு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. 786 என்ற எண்ணைக் கடிதத் தலைப்பிலும் கடை முகப்பிலும் எழுதும் வழக்கமுள்ள சமுதாயம் நம்முடையது. அவ்வழக்கம் ஏற்கத்தக்கதா என்று விவாதிக்கும் சமுதாயமும் நம்முடையதே. விவிலிய அறிஞர்கள் பலர் 666ஐயும் இத்தகைய கணக்காகவே காண்கின்றனர். கிறித்தவர்களைக் கொடுமைப்படுத்திய உரோமைப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரேய எழுத்துகளில் ‘நெரோன் கஸர்’ என எழுதிக் கூட்டினால் அவ்வெண் வருகிறது. அப்ஜத்தும் எபிரேயக் கணக்கும் ஒரே மூலத்தவை ஆதலால் நாமே கூட்டிப் பார்க்கலாம்: நூன் 50, ரா 200, வாவ் 6, நூன் 50, காஃப் 100, ஸீன் 60, ரா 200, ஆக 666. பெயரின் ஈற்றிலுள்ள நூனை விட்டுவிட்டால் 616. சில பழஞ்சுவடிகளில் 616 என்றே காணப்படுவது இவ்விளக்கத்திற்கு வலுச் சேர்க்கிறது.

ஆக, கொடுங்கோலன் ஒருவனின் பெயரை வெளிப்படையாகச் சொல்ல இயலாத மக்கள் எண்ணுக்குள் மறைத்து வைத்த முறையீடு அது. அதைச் சாத்தானின் முத்திரையாக மட்டும் கண்டு இசைத்தட்டை எரித்தவர்களும், வணிகச் சின்னமாக்கி விமானப் பயணத்திற்குச் சூட்டியவர்களும் அதன் பொருளைத் தவறவிட்டதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர். பிரேசில் நாட்டுக் கிறித்தவப் போதகர் ஒருவர் இப்படத்தில் தோன்றுகிறார். அவர் உடலில் இக்குழுவின் ஓவியங்கள் நூற்றுக்கும் மேல் பச்சை குத்தப்பட்டுள்ளன. குழுவின் தாளக் கலைஞர் நிக்கோ மெக்பிரெய்ன் கிறித்தவ நம்பிக்கையை வெளிப்படையாகக் கொண்டவர். எண்ணைக் கண்டு அஞ்சுவோர் இவ்விருவரையும் எந்தப் பட்டியலில் சேர்ப்பர்? படம் எழுப்பியிருக்கத்தக்க கேள்வி இது. ஆனால் படம் அதை எழுப்பவில்லை. போதகரின் உடலிலுள்ள பச்சையை வேடிக்கை காட்டுவதோடு நின்றுவிடுகிறது.

பதினாறு நகரங்கள், ஒரு மேடை

இங்கிருந்துதான் நம் குறைபாட்டுப் பட்டியல் தொடங்குகிறது. இரண்டாம் தகட்டின் அமைப்பு விந்தையானது. அதில் 16 பாடல்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நகரத்தில் பதிவானது. முதற்பாடல் மும்பை, அடுத்தது மெல்போர்ன், பின் சிட்னி, டோக்கியோ, மான்டெர்ரே என்று நீண்டு டொரான்டோவில் முடிகிறது. ஒரே நிகழ்ச்சியைப் பார்ப்பது போலவே இருக்கும்; ஆனால் ஒவ்வொரு பாடலுக்கும் கண்டமோ நாடோ நகரமோ மாறிவிடும். தொழில்நுட்ப அளவில் இது பெருந்திறன். ஒலியில் தையல் தெரியவில்லை. எனினும் கேட்டுக்கொண்டே இருக்கையில் ஒன்று உறுத்துகிறது: தையல் தெரியாததே இதன் குறையும் ஆகும். மேடை அதே மேடை, உடை அதே உடை, அசைவும் அதே அசைவு. பெயர்ப் பலகையை மாற்றிவிட்டால் மும்பையை மான்டெர்ரே என்று சொல்லிவிடலாம்.

பொழுதுபோக்குப் படத்திடம் ஊரையும் வரலாற்றையும் கேட்பது நியாயமா என்று வினவலாம். நியாயமே என்கிறோம். ஏனெனில் இக்குழுவின் பாடல்களே வரலாற்றால் நிறைந்தவை. நிகழ்ச்சியின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ‘ஏசஸ் ஹை’ என்ற முதற்பாடல், 1940இல் ஜெர்மானிய விமானங்களை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் விமானிகளைப் பற்றியது. அதற்கு முன்னுரையாக, அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் ஆற்றிய புகழ்பெற்ற உரையின் ஒலிப்பதிவு முழங்குகிறது. தகட்டில் இப்பாடல் பதிவான நகரம் மும்பை.

1942 ஆகஸ்ட் 8ஆம் நாள் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது அதே மும்பையில். மறுநாள் விடியுமுன் காந்தியடிகளையும் காங்கிரஸ் தலைவர்களையும் சிறைப்பிடித்த அரசுக்கு மேலே இலண்டனில் தலைமை அமைச்சராக வீற்றிருந்தவர் அதே சர்ச்சில். அடுத்த ஆண்டு வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டபோது, தானியக் கப்பல்களை அனுப்புவதில் அவருடைய போர்க்கால அரசு காட்டிய தயக்கத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிட்டு வருகின்றனர். அவர் குரலுக்கு மும்பை இளைஞர்கள் ஆர்ப்பரிப்பதைக் குற்றமாகக் கூற நாம் முன்வரவில்லை. இசைக்காகவே அவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். நம் வினா படம் எடுத்தவரை நோக்கியது. அக்குரல் அந்நகரில் ஒலிப்பதன் பொருள் என்ன என்று ஓர் இளைஞரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இவ்வாறே ‘ரன் டு தி ஹில்ஸ்’ என்னும் பாடல். அமெரிக்கக் கண்டத்தின் தொல்குடிகளை வெள்ளையர் வேட்டையாடிய வரலாற்றை, கொல்லப்படுவோர் நோக்கிலும் கொல்வோர் நோக்கிலும் மாறி மாறிச் சொல்வது அது. தகட்டில் அது பதிவான நகரம் கொலம்பியாவின் போகோதா. ஸ்பானியப் படையெடுப்பால் முய்ஸ்கா என்னும் தொல்குடியினர் தம் ஆட்சியை இழந்த மண். பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான மேடை அமைவது அரிது. அப்பொருத்தம் யார் கண்ணிலும் படவில்லை.

மூன்றாவதாக ‘பவர்ஸ்லேவ்’. தன்னைத் தெய்வமாகக் கண்ட எகிப்திய மன்னன் ஒருவன் சாவு நெருங்குகையில், தெய்வமாகிய தான் ஏன் சாகவேண்டும் என்று புலம்புவதே அப்பாடலின் கருத்து. இறைமை கோரிய ஃபிர்அவ்னின் வரலாற்றை இளமையிலிருந்தே ஓதி வளர்ந்த நமக்கு இக்கருத்து எவ்வளவு நெருக்கமானது! சாத்தான் புகழ் பாடுவோர் என்று ஏசப்பட்ட குழு, பொய்த் தெய்வத்தின் வீழ்ச்சியைப் பாடியிருக்கிறது. அன்றைய மேடை அலங்காரம் முழுதும் எகிப்திய ஓவியங்களும் சவப்பேழைகளும்தாம். அட்டையில் தீட்டிய எகிப்து உலகைச் சுற்றியது. அவ்வழித்தடம் எகிப்து மண்ணைத் தொடவில்லை.

போலந்தில் ஒரு திருமணம்

இக்குறை இக்குழுவுக்குப் பிறவிக்குறை அன்று என்பதற்கு அவர்களுடைய பழைய பதிவே சான்று. 1984 ஆகஸ்டில், பொதுவுடைமை ஆட்சியில் இருந்த போலந்திலிருந்து அவர்கள் தம் உலகப் பயணத்தைத் தொடங்கினர். மேற்கத்திய இசைக்குழு ஒன்று முழு மேடையுடன் இரும்புத்திரைக்கு அப்பால் செல்வது அக்காலத்தில் அரிது. அப்பயணத்தைப் பதிவு செய்த ‘பிஹைண்ட் தி அயர்ன் கர்ட்டன்’ என்னும் சிறு ஆவணப்படம், 2008இல் வெளிவந்த ‘லைவ் ஆஃப்டர் டெத்’ டிவிடியிலும் சேர்க்கப்பட்டுள்ளது. அதில் மறக்கவொண்ணாத காட்சி ஒன்று உண்டு. நிகழ்ச்சி முடிந்த இரவில், முன்பின் அறியாத போலந்துத் தம்பதியரின் திருமண விருந்தில் இவர்கள் புகுந்துவிடுகிறார்கள். விருந்தில் வாசிக்கவந்த உள்ளூர் இசைஞர்களின் கருவிகளை வாங்கி, வேறொரு குழுவின் புகழ்பெற்ற பாடலைத் தட்டுத் தடுமாறி வாசிக்கிறார்கள். மணமக்களின் உறவினர்கள் சிரிக்கிறார்கள், சிலர் விழிக்கிறார்கள். கலைஞர்கள் மேடையிலிருந்து இறங்கி விருந்தாளிகளாகிவிட்ட நேரம் அது.

இப்னு ஜுபைர் ஸூரில் திருமண ஊர்வலத்தைக் கண்டது 1184இல். இவர்கள் போலந்துத் திருமணத்தில் நுழைந்தது 1984இல். எண்ணூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பயணிகள், இரண்டு அயல்வீட்டுத் திருமணங்கள். இரண்டிலும் நிகழ்ந்தது ஒன்றே: வந்தவன் திட்டமிடாத ஒன்று வந்தவனை எதிர்கொண்டது. அவ்வெதிர்கொள்ளல் இல்லாத பயணம் வெறும் இடப்பெயர்ச்சி.

2008இல் அத்தகைய திருமணம் எதுவும் குறுக்கிட வழியில்லை. சொந்த விமானம், சொந்தப் பணியாளர், சொந்த நேரக் கணக்கு; விமான நிலையம், விடுதி, அரங்கம், மீண்டும் விமான நிலையம். தொலைவான ஊர்களை அடைவதற்கு உதவிய அதே ஏற்பாடு அவ்வூர்களிலிருந்து அவர்களைப் பிரித்தும் வைத்தது. பேருந்தில் சென்றவர்களுக்கு வாய்த்தது விமானத்தில் சென்றவர்களுக்கு வாய்க்கவில்லை.

படமெடுத்த சாம் டன் மானிடவியல் பயின்றவர் என்பது நம் வருத்தத்தை மிகுவிக்கிறது. இவ்விருவரும் 2008இல் வெளியிட்ட ‘குளோபல் மெட்டல்’ என்னும் முந்தைய படத்தில் இந்தோனேசியா, ஈரான், இந்தியா, சீனா முதலிய நாடுகளின் இளைஞர்களைத் தேடிச் சென்று, இவ்விசை உங்களுக்கு எதற்கு என்று கேட்டவர்கள். சமயக் கட்டுப்பாடும் அரசியல் நெருக்கடியும் உள்ள இடங்களில் அவ்விளைஞர்கள் சொன்ன விடைகளே அப்படத்தின் பெறுமதி. ‘ஃப்ளைட் 666’இலோ அவர் விருந்தினராகிவிட்டார். விமானத்தில் இடம் கிடைத்தது, வினா கைநழுவியது. எவருக்கும் வாய்க்காத நெருக்கம் தமக்கு வாய்த்தது என்ற மகிழ்ச்சி படம் முழுதும் தெரிகிறது. நெருக்கம் சில வேளைகளில் ஆய்வாளனின் வாயை அடைத்துவிடும்.

மாலுமியும் விருந்தாளியும்

இப்படத்தைத் தீர்ப்பதற்கான அளவுகோல் அதன் இரண்டாம் தகட்டிலேயே இருக்கிறது. நியூ ஜெர்சியில் பதிவான பாடல், ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட முதிய மாலுமியின் கதைப்பாட்டைத் தழுவி ஹாரிஸ் இயற்றியது. பன்னிரண்டு நிமிடங்களுக்கும் மேல் நீள்வது. காரணமின்றி ஒரு கடற்பறவையைக் கொன்ற மாலுமியின் கப்பல் காற்றின்றி நின்றுபோகிறது. தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். நீர்ப்பாம்புகளின் அழகைக் கண்டு அவன் உள்ளம் நெகிழ்ந்து அவற்றை வாழ்த்திய பின்னரே சாபம் தளர்கிறது. ஊர் திரும்பியவனுக்கு ஒரு கடன் எஞ்சுகிறது: நாடு நாடாகச் சென்று, கேட்கவேண்டியவனைக் கண்டால் நிறுத்தி, தன் கதையைச் சொல்லவேண்டும். கோல்ரிட்ஜின் கதையில் அவ்வாறு நிறுத்தப்படுபவன் ஒரு திருமணத்திற்குச் சென்றுகொண்டிருந்த விருந்தாளி. கதையைக் கேட்டு முடித்தபின் அவன் விருந்துக்குள் நுழையவில்லை. மறுநாள் வேறு மனிதனாக எழுகிறான்.

இது ரிஹ்லாவின் இலக்கணமே அன்றோ! குற்றவுணர்வோடு கிளம்பிய இப்னு ஜுபைரும் இம்மாலுமியும் உறவினர். பயணம் பயணியை மாற்றுகிறது. பயணி சொல்லும் சொல் கேட்பவனை மாற்றுகிறது. அம்மாலுமியின் கதையை இரவுதோறும் பாடிய குழுவின் பயணப் படத்தில் மாறியவர் எவரும் இல்லை. புறப்பட்டவர்களே திரும்பினார்கள், சற்றே களைத்து. படத்தைவிடப் பாடல் சிறந்த ரிஹ்லா என்பதே நம் முடிபு.

ஆயினும் ஒரு முகம் நம் நினைவை விட்டு அகலவில்லை. போகோதாவில் நிகழ்ச்சிக்குப் பல நாட்கள் முன்னரே இளைஞர்கள் வந்து திறந்தவெளியில் தங்கிக் காத்திருந்தனர். நிகழ்ச்சி முடிந்தது, தாளக் கலைஞர் வீசிய கோலொன்று ஓர் இளைஞரின் கைக்கு வந்திருக்கிறது. கூட்டம் கலையும் நேரத்தில் அக்கோலைப் பற்றிக்கொண்டு அவர் நிற்கிறார். கண்ணீர் வழிகிறது. ஆரவாரம் இல்லை, பேச்சு இல்லை. கேமரா அவர் முகத்தின்மேல் சற்று நேரம் தங்குகிறது. இப்படத்தில் மாலுமியின் கதையைக் கேட்டு மாறிய விருந்தாளி அவரே. உலகைச் சுற்றி வந்தவர்களுக்கு நிகழாத பயணம், நின்ற இடத்தில் நின்ற அவருக்கு நிகழ்ந்திருக்கிறது.

ஆனால் கேமரா நகர்ந்துவிடுகிறது. அவர் யார், என்ன தொழில், எதற்காக அழுகிறார் என்று எவரும் கேட்கவில்லை. பல பத்தாண்டுகள் உள்நாட்டுப் போரைக் கண்ட நாடு அது. அவர் கண்ணீரில் அந்த நாடும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு மணி நேரப் படத்தின் மையம் அந்த முகத்தில் இருந்தது. படமெடுத்தவர்கள் அதைக் கண்டார்கள், படம் பிடித்தார்கள், கடந்தார்கள்.

இப்படம் வெளிவந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. குழுவினர் 2011இல் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவிலும் பாடினார்கள். 2016இல் போயிங் 747 விமானத்தில் உலகைச் சுற்றினார்கள். போகோதா இளைஞரின் கையில் தம் கோலை விட்டுச் சென்ற மெக்பிரெய்ன், 2023இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்டு, மீண்டெழுந்து வாசித்து, 2024 டிசம்பரில் பயண மேடைகளிலிருந்து விடைபெற்றார். ஆவணம் என்ற வகையில் இப்படம் இன்று கூடுதல் மதிப்புப் பெற்றுள்ளது. உழைப்பின் ஆவணம், அன்பின் ஆவணம் என்று அதைப் பாராட்டலாம். ரிஹ்லா என்று பாராட்ட இயலவில்லை.

நம் மாணவர் கேட்ட ஒரு வார்த்தையை எழுத அமர்ந்தபோது, படமெடுத்தவர்மீது நாம் சுமத்திய குற்றம் நம் பக்கமும் திரும்புவதை உணர்ந்தோம். ஏழாண்டுகள் நம்மிடம் நஹ்வும் ஸர்ஃபும் பயின்றவர் அவர். இவ்விசையில் அவருக்கு நாட்டம் உண்டு என்பதை அக்காலத்திலேயே அறிந்திருந்தோம். ஒருமுறை கண்டித்தோம், ஒருமுறை காணாததுபோல் இருந்தோம். ஏன் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அட்டையிலுள்ள எண்ணைப் பார்த்து ஒதுக்கிய அவர் வீட்டாருக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். படம் பற்றிய நம் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னோம். அவர் அடக்கத்தோடு கேட்டுக்கொண்டார். பிறகு, “தம்பி, இந்த இசை உனக்கு எப்போது, எப்படிப் பிடித்துப்போனது?” என்று கேட்டோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, முதன்முதலாக அயல்நாடு சென்ற ஆண்டு, பதினோரு பேர் தங்கிய அறை, இரவுப் பணி என்று அவர் தொடங்கினார். அவர் கூறியவை அவருக்கும் நமக்கும் இடையிலானவை. அவர் பேசி முடிக்க ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று, நாம் குறுக்கிடவில்லை.